அத்தியாயம் 7: அலுத்துப்போன பாட்டைப் புதிதாக வாசிப்பது

ஜாஸ் கிதார் கற்க உட்காரும் எவருக்கும் முதல் சில மாதங்களுக்குள் கைக்கு வந்து சேரும் பாட்டு ‘ஆட்டம் லீவ்ஸ்’. பிரான்சில் குடியேறிய ஹங்கேரிக்காரர் ஜோசப் கொஸ்மா 1945இல் போட்ட மெட்டு அது. பிரெஞ்சு வரிகள் ஜாக் பிரெவெர் எழுதியவை, ஆங்கில வரிகள் ஜானி மெர்சர் எழுதியவை. 1955இல் ரோஜர் வில்லியம்ஸ் பியானோவில் வாசித்த பதிவு அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதலிடத்தையே பிடித்தது. அன்று முதல் ஹோட்டல் லாபி, கல்யாண வரவேற்பு, மாணவர் கச்சேரி என்று எல்லா இடத்திலும் இதே பாட்டுதான். ஜாம் மேடையில் ஒருவர் “ஆட்டம் லீவ்ஸ், ஜி மைனர்” என்றதும் டிரம்ஸ்காரர் முகத்தில் ஒரு சலிப்பு ஓடும்.

கால்பந்துக்குப் பேர்போன பெங்களூர் ஆஸ்டின் டவுனில் ஜாஸ் எங்கே வந்தது என்று கேட்பவர்கள் கார்ல்டன் கிட்டோவின் பெயரைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது. பெங்களூரில் பிறந்த ஆங்கிலோ இந்தியர். கொல்கத்தா பார்க் ஸ்ட்ரீட்டில் பெயரெடுத்து, 2016இல் மறையும்வரை அந்த ஊரிலேயே பீபாப் கிதார் வாசித்தவர், பலருக்குக் கற்றுக்கொடுத்தவர். சுஷீல் குரியன் எடுத்த ‘ஃபைண்டிங் கார்ல்டன்’ ஆவணப்படத்தில் அவர் விரல்களை அருகிலிருந்து பார்க்கலாம். அவர் எடுத்துக்கொண்டதும் எல்லோரும் வாசிக்கிற பழைய பாட்டுகளைத்தான். பல பத்தாண்டுகள் அவற்றையே வாசித்தும் அவருக்கு அலுக்கவில்லை.

அலுப்பு பெரும்பாலும் பாட்டின் குற்றமில்லை; எல்லோரும் ஒரே தாளைப் பார்த்து, ஒரே வேகத்தில், ஒரே கார்டுப் பிடிகளோடு வாசிப்பதால் வருவது. இந்த அத்தியாயம் ‘ஆட்டம் லீவ்ஸை’ மட்டும் எடுத்துக்கொள்கிறது. முறை பிடிபட்டபின் வேறு எந்தப் பாட்டுக்கும் அதையே பயன்படுத்தலாம்.

தேவையானவை

- ஏதாவது ஒரு கிதார். விலை உயர்ந்ததாக இருக்க வேண்டியதில்லை. சுருதி நின்றால் போதும்.
- மெட்ரோனோம். ஃபோனில் இருக்கும் செயலியே போதும்.
- பதிவு செய்ய அதே ஃபோன்.
- ஒரு நோட்டு, பென்சில்.

ஆம்ப், லூப்பர், எஃபெக்ட் பெடல் எதுவும் இப்போதைக்கு வேண்டாம். அவை பிறகு வரலாம், வராமலும் போகலாம்.

முதல் கட்டம்: பாட்டைக் கையிலிருந்து காதுக்கு மாற்றுதல்

1. கிதாரைக் கீழே வைத்துவிட்டு மெட்டைப் பாடுங்கள். குரல் நன்றாக இருக்கிறதா என்பது கணக்கில்லை. 32 பாரையும் தாளைப் பார்க்காமல் பாட முடியாதவர் இந்தப் பாட்டை இன்னும் கற்கவில்லை என்று பொருள். பெரும்பாலோர் இங்கேயே மாட்டிக்கொள்வார்கள்.

2. ஒவ்வொரு அடியும் எந்தச் சுரத்தில் போய் நிற்கிறது என்று பாருங்கள். ஜி மைனரில் முதல் நான்கு அடிகள் முறையே ஈ-பிளாட், டி, சி, பி-பிளாட் ஆகியவற்றில் இறங்கி நிற்கும். படிப்படியாக இறங்கும் நான்கு சுரங்கள். மெட்டின் எலும்புக்கூடு இவ்வளவுதான்.

3. அந்த நான்கு சுரங்களையும் கார்டோடு சேர்த்துப் பாருங்கள். ஈ-பிளாட் முதலில் சி மைனரின் மூன்றாவது சுரமாக ஒலிக்கும். அடுத்த பாரில் கார்டு எஃப் 7 ஆக மாறும். மெட்டு அசையாமல் நிற்க, அதே ஈ-பிளாட் ஏழாவது சுரமாகிவிடும். டி, சி இரண்டுக்கும் இதே கதைதான். மேலே ஒரு சுரம் அப்படியே நிற்க, கீழே தரை நகர்கிறது. இந்தப் பாட்டு இத்தனை பேரைக் கவர்ந்ததற்குப் பாதிக் காரணம் இதில் இருக்கிறது.

4. பேஸ் சுரங்களை மட்டும் தனியாக வாசித்துக்கொண்டே மெட்டைப் பாடுங்கள்: சி, எஃப், பி-பிளாட், ஈ-பிளாட், ஏ, டி, ஜி.

கர்நாடக இசை கற்றவருக்கு இங்கே ஒரு வசதி. மெட்டின் பெரும்பகுதி நடபைரவியின் சுரங்களில் நடக்கிறது. டி 7 வரும் இடத்தில் எஃப்-ஷார்ப் நுழைந்ததும் கீரவாணியின் சாயல் வரும். நான்காவது அடி ஈ, எஃப்-ஷார்ப் இரண்டையும் தொட்டு ஏறுவதால் ஒரு கணம் கௌரிமனோகரி எட்டிப்பார்க்கும். இந்த மூன்றையும் காதால் பிரித்துக் கேட்கத் தெரிந்தவர் ஸ்கேல் புத்தகம் புரட்ட வேண்டியதில்லை.

*குறிப்பு:* பழைய தாள்களில் இப்பாட்டு ஈ மைனரிலும் கிடைக்கும். பாடகர்கள் தங்கள் குரலுக்கேற்ப வேறு சுருதி கேட்பார்கள். இரண்டு சுருதியிலாவது கையில் இருக்கட்டும்.

*எச்சரிக்கை:* மூன்றாவது எட்டு பாரும் நான்காவது எட்டு பாரும் ஒரே மாதிரி, ஏ மைனர் 7 பிளாட் 5, டி 7 என்றே தொடங்கும். மேடையில் வழி தவறுகிறவர்கள் அநேகமாக இங்கேதான் தவறுகிறார்கள். மூன்றாவது எட்டு, ஜி மைனருக்குப் பிறகு பி-பிளாட் பக்கம் போகும். நான்காவது எட்டில் கார்டுகள் அரைப்படி அரைப்படியாக இறங்கி ஈ-பிளாட்டுக்கு வரும். இந்த வித்தியாசத்தை நோட்டில் பெரிதாக எழுதிவையுங்கள்.

இரண்டாம் கட்டம்: கேட்பது

புது வாசிப்பு வானத்திலிருந்து விழுவதில்லை. முன்னே போனவர்கள் எதை மாற்றினார்கள், எதைத் தொடாமல் விட்டார்கள் என்று கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஒவ்வொரு பதிவிலும் முதல் 16 பாரை மட்டும் திரும்பத் திரும்பக் கேளுங்கள். மூன்றே கேள்விகளுக்கு நோட்டில் பதில் எழுதுங்கள்: வேகம் என்ன? மெட்டை யார் வைத்திருக்கிறார்? எதை நீக்கியிருக்கிறார்கள்?

அகமது ஜமாலின் மூவர் குழு 1955இல் பதிவு செய்ததிலிருந்து தொடங்கலாம். அந்தக் குழுவில் டிரம்ஸ் கிடையாது. பியானோ, பேஸ், கிதார் மட்டும். கிதார் ரே கிராஃபோர்ட். கம்பிகளைத் தட்டி பாங்கோ போல ஒலி எழுப்புவது அவர் கைவேலை. பாட்டுக்கு முன்னால் ஒரு முகப்பை நிறுத்தி, அதையே திரும்பத் திரும்பச் சுற்றவிட்டு, கேட்பவரைக் காக்கவைக்கும் உத்தியும் ஜமாலுடையதுதான். மூன்று ஆண்டு கழித்து, 1958இல், கேனன்பால் ஆடர்லியின் ‘சம்திங் எல்ஸ்’ இசைத்தட்டில் மைல்ஸ் டேவிஸ் அந்தப் போக்கையே எடுத்துக்கொண்டார். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால், கடன் வாங்குவதிலும் புதுமை உண்டு என்பது விளங்கும். மைல்ஸ் மெட்டை ஊதும் இடத்தில் எத்தனை சுரங்களை விட்டுவிடுகிறார் என்று எண்ணிப்பாருங்கள்.

1959 டிசம்பரில் பில் எவன்ஸ் ‘போர்ட்ரெய்ட் இன் ஜாஸ்’ தட்டுக்காக வாசித்தபோது பேஸ்காரர் ஸ்காட் லஃபாரோ பின்னணியில் ஒதுங்கி நிற்க மறுத்துவிட்டார். பியானோவும் பேஸும் மாறி மாறிப் பேசிக்கொள்ளும். கிதார் மாணவர் இதையும் கேட்க வேண்டும், ஏனென்றால் அடுத்த பதிவுக்கான வாசல் அது.

அந்த அடுத்த பதிவு ‘அலோன் டுகெதர்’, 1972. ஜிம் ஹால் கிதார், ரான் கார்ட்டர் பேஸ், இருவர் மட்டுமே, நேரடிக் கச்சேரி. ஒரு பாட்டை இரண்டே பேர் தாங்கும்போது கிதார்காரர் இடைவெளியை நிரப்பத் துடிப்பார். ஹால் துடிக்கவில்லை. கார்டைத் தொட்டுவிட்டு விலகுகிறார், பேஸுக்கு வழி விடுகிறார். இந்தப் பாட்டுக்கு ஒரே ஒரு கிதார் பதிவுதான் கேட்க நேரமுண்டு என்பவர் இதைக் கேட்டால் போதும்.

நேர் எதிர் திசைக்கு ஈவா காசிடி. 1996 ஜனவரியில் வாஷிங்டனின் ‘ப்ளூஸ் ஆலி’யில் பாடியதன் பதிவு. ஜாஸ் குழு வழக்கமாக எடுக்கும் வேகம் இங்கே இல்லை. மிக மெதுவாக, பாடிக்கொண்டே அவரே கிதாரும் வாசிக்கிறார்.

வேறொரு பாட்டிலிருந்தும் ஒரு பாடம்: ‘மை ஃபன்னி வாலன்டைன்’ என்றால் எல்லோரும் மெல்ல உருகுவார்கள். 1962இல் பில் எவன்ஸும் ஜிம் ஹாலும் ‘அண்டர்கரண்ட்’ தட்டில் அதை விரைவு நடையில் ஓடவிட்டார்கள். மெட்டு அதே, கார்டுகளும் ஏறக்குறைய அதே. வேகம் ஒன்று மாறியதில் பாட்டின் குணமே மாறிவிட்டது.

மூன்றாம் கட்டம்: ஒரே ஒரு மாற்றம்

இந்த அத்தியாயத்தில் விதி என்று ஒன்று இருந்தால் அது இதுதான்: ஒரு தடவைக்கு ஒரு மாற்றம். வேகம், தாளம், கார்டு, சுருதி எல்லாவற்றையும் ஒரே நாளில் புரட்டுகிறவர் கடைசியில் வேறு ஏதோ பாட்டை வாசித்துக்கொண்டிருப்பார். கர்நாடகக் கச்சேரியில் நிரவல் பாடுகிறவர் வரியைக் கைவிடுவதில்லை. அந்தக் கட்டுப்பாடு இங்கேயும் வேண்டும்.

வழி அ: இரண்டு கம்பியில் முழுக் கார்டு வரிசை

ஆறு கம்பியையும் அழுத்திப் பிடிக்கும் பாரே கார்டுகள்தான் பாட்டைக் கனக்க வைக்கின்றன. கவுன்ட் பேசி குழுவின் ஃப்ரெடி கிரீன் ஓரிரு சுரம் மட்டும் ஒலிக்கும்படி கார்டு வாசித்தே ஒரு பெரிய குழுவைத் தாங்கினார். நான்காவது, மூன்றாவது கம்பிகளில் மட்டும் கீழ்க்கண்டவாறு நகருங்கள். முதலில் நான்காவது கம்பியின் ஃப்ரெட், அடுத்து மூன்றாவது கம்பியின் ஃப்ரெட்.

1. சி மைனர் 7: 8, 8
2. எஃப் 7: 7, 8
3. பி-பிளாட் மேஜர் 7: 7, 7
4. ஈ-பிளாட் மேஜர் 7: 5, 7
5. ஏ மைனர் 7 பிளாட் 5: 5, 5
6. டி 7: 4, 5
7. ஜி மைனர் 7: 3, 3

ஒவ்வொரு கார்டுக்கும் ஒரு பார், கடைசிக்கு மட்டும் இரண்டு. முதல் எட்டு பார் முடிந்தது. ஏழாவது பிடிக்குப் போகும்போது மட்டும் இரண்டு விரலும் நகரும். மற்ற இடங்களிலெல்லாம் ஒரு விரல் நிற்க, இன்னொன்று மட்டும் இறங்கும். இந்த ஏழு பிடிகளில் கார்டின் மூன்றாவது, ஏழாவது சுரங்கள் இருக்கின்றன. அடிச்சுரம் இல்லை, அதை பேஸ்காரர் பார்த்துக்கொள்வார். கைக்குப் பழகியதும் முதல் இரண்டு கம்பிகளில் மெட்டைச் சேருங்கள். ஒரே கிதாரில் மூன்று குரல் கேட்கும்.

வழி ஆ: தாளத்தை மாற்றுதல்

1. மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 தட்டில் வைத்து, மெட்டை மட்டும் வாசியுங்கள்.
2. அதே மெட்ரோனோம் ஒலியை இரண்டாவது, நான்காவது தட்டாக எண்ணுங்கள். இப்போது நடை 120 ஆகிவிடும், ஸ்விங்கும் தானாக வரும்.
3. நான்கு தட்டு பாரை மூன்று தட்டாக்குங்கள். மெட்டின் நீண்ட சுரங்களைக் குறைத்தால் போதும், எடுப்பில் வரும் மூன்று சுரங்களைத் தொட வேண்டாம்.
4. மூன்று கைவந்தபின் ஐந்து. கண்ட நடை தட்டிப் பழகியவருக்கு இது ஒரு மாலை வேலை. மற்றவர்களுக்குச் சில வாரம் ஆகும், கவலை வேண்டாம்.

வழி இ: ஒற்றைக் கம்பி

மிக் குட்ரிக் 1987இல் வெளியிட்ட ‘தி அட்வான்சிங் கிட்டாரிஸ்ட்’ நூல் மாணவரை ஒரே கம்பியில் வாசிக்கச் சொல்லித் தொடங்குகிறது. ‘ஆட்டம் லீவ்ஸ்’ முழுவதையும் இரண்டாவது கம்பியில் மட்டும் வாசித்துப்பாருங்கள். பழகிய பெட்டிப் பிடிகள் உதவாமல் போகும், விரல் இழுத்து நகர வேண்டிவரும், சுரத்துக்கும் சுரத்துக்கும் நடுவில் இருக்கும் தூரம் காதுக்குத் தெரியவரும். வீணை கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்த நகர்வு புதிதல்ல. ராணிப்பேட்டையில் பிறந்த கிதார் கலைஞர் பிரசன்னா இந்த இழைவைக் கொண்டே மின் கிதாரில் கர்நாடகக் கச்சேரி செய்கிறார். பெர்க்லி இசைக் கல்லூரியில் பயின்று ஜாஸும் வாசிக்கிறார். ஆனால் ஒவ்வொரு சுரத்திலும் கமகம் போட்டால் ஜாஸும் போகும், கமகமும் போகும். ஓர் அடிக்கு ஓர் இடம், அதுவும் அடி வந்து நிற்கும் நீண்ட சுரத்தில், போதும்.

வழி ஈ: கட்டைவிரலும் ஆக்டேவும்

வெஸ் மான்ட்கோமரி பிக் இல்லாமல் கட்டைவிரலால் வாசித்ததற்குச் சொல்லப்படும் காரணம் ஆஸ்டின் டவுன்காரர்களுக்கு உடனே புரியும்: பகல் முழுக்க வேலை, இரவில்தான் பயிற்சி, சத்தம் அக்கம்பக்கத்தை எழுப்பக் கூடாது. அந்த அடக்கமான ஒலியே பிற்பாடு அவர் அடையாளம் ஆயிற்று. சுவரோடு சுவர் ஒட்டிய வீட்டில் பயிற்சி செய்கிறவர் இதை முதலில் எடுத்துக்கொள்ளலாம்.

ஆக்டேவுக்கு: ஆறாவது அல்லது ஐந்தாவது கம்பியில் ஒரு சுரம், ஒரு கம்பி விட்டு, இரண்டு ஃப்ரெட் தள்ளி அதன் மேல் சுரம். நான்காவது, மூன்றாவது கம்பியில் தொடங்கினால் மூன்று ஃப்ரெட் தள்ளி. நடுவில் இருக்கும் கம்பியைச் சுட்டுவிரலின் அடிப்பகுதியால் தொட்டு மௌனமாக்க வேண்டும். அதை விட்டுவிட்டால் சேறாகக் கேட்கும்.

வழி உ: முகப்பு

ஜமால் செய்ததுபோல் ஜி மைனரில் நான்கு பாருக்கு ஒரு சிறு வடிவம் அமைத்து, பாட்டின் முன்னும் பின்னும் வையுங்கள். இது மிக எளிது, பலனும் உடனே தெரியும். கம்பியை உள்ளங்கையால் அடக்கித் தட்டும் ஓசையோடு தொடங்கிப் பாருங்கள்.

அடிக்கடி நேரும் பிழைகள்

முதல் பிழை, மெட்டு தெரியும் முன்னே கார்டுகளை மாற்றத் தொடங்குவது. புத்தகத்தில் பார்த்த மாற்றுக் கார்டு ஒவ்வொன்றையும் ஒரே பாட்டில் கொட்டிவிட்டால் கேட்பவருக்குப் பாட்டு எங்கே என்றே தெரியாது. இன்னொன்று, பேக்கிங் டிராக்கை மணிக்கணக்கில் ஓடவிட்டு அதன்மேல் விரல் ஓட்டுவது. டிராக் ஒருபோதும் உங்களைக் கேட்காது. நீங்களும் நாளடைவில் அதைக் கேட்பதை நிறுத்திவிடுவீர்கள். மெட்ரோனோம் மட்டும் வைத்துக்கொண்டால் கார்டுகளை நீங்களே காட்ட வேண்டியிருக்கும். பயிற்சி அங்கேதான் இருக்கிறது.

பெரிய கலைஞரின் சோலோவை முழுதாக நகலெடுப்பது தவறில்லை. அதையே மேடையில் அப்படியே ஒப்பிப்பதுதான் தவறு. நகலெடுத்ததில் இரண்டு பாரைத் தேர்ந்து, அதைப் பாட்டின் வேறொரு இடத்தில் வைத்துப் பாருங்கள்.

பதிவு செய்யாமல் பயிற்சி செய்வதும் பிழைதான். வாசிக்கும்போது நன்றாகத் தோன்றியது மறுநாள் கேட்கையில் நீளமாக இருக்கும். எந்த இடத்தில் உங்களுக்கே சலிக்கிறதோ அந்த இடத்தை வெட்டுங்கள்.

பாதுகாப்பு

*கை:* ஆக்டேவும் அகலப் பிடிகளும் மணிக்கட்டையும் கட்டைவிரல் அடியையும் இழுக்கும். கால் மணி நேரத்துக்கு ஒருமுறை கையை உதறி ஓய்வு கொடுங்கள். நுனி விரல் தோல் எரிவது புதிதாகக் கற்பவருக்கு இயல்பு. மணிக்கட்டில் வலி, விரலில் மரப்பு, கூச்சம் இயல்பல்ல. அன்றைய பயிற்சியை நிறுத்துங்கள், தொடர்ந்தால் மருத்துவரைப் பாருங்கள்.

*மின்சாரம்:* பழைய வீடுகளில் எர்த் இணைப்பு சரியாக இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனை வைத்துச் சோதிக்காமல் ஆம்பைப் பொருத்தாதீர்கள். இரைச்சல் வருகிறது என்று மூன்று முள் பிளக்கின் எர்த் முள்ளை ஒடிப்பவர்கள் இருக்கிறார்கள். உயிருக்கே உலை வைக்கும் வேலை அது. கம்பியைத் தொடும்போது சுரீர் என்றால் உடனே சுவிட்சை அணையுங்கள். வால்வு ஆம்பின் மூடியை நீங்களே திறக்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே ஆபத்தான மின்னழுத்தம் தேங்கியிருக்கும். இடி மின்னல் நேரத்தில் பிளக்கைக் கழற்றிவிடுங்கள்.

*காது:* 85 டெசிபல் ஒலியை ஒரு நாளில் எட்டு மணி நேரத்துக்கு மேல் கேட்கக் கூடாது என்பது அமெரிக்கத் தொழில்சார் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. மூன்று டெசிபல் கூடினால் அந்த நேரம் பாதியாகிவிடும். ஹெட்ஃபோனில் பதிவுகளைத் திரும்பத் திரும்பக் கேட்கும்போது இதை நினைவில் வையுங்கள்.

*அக்கம்பக்கம்:* குடியிருப்புப் பகுதிக்கு இந்திய ஒலி மாசு விதிகள் (2000) வகுத்த வரம்பு பகலில் 55 டெசிபல், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45. இரவில் ஆம்ப் வேண்டாம். கட்டைவிரலும் இணைப்பில்லாத கிதாரும் போதும். கீழ்வீட்டு அம்மாவிடம் பயிற்சி நேரத்தை முன்கூட்டியே சொல்லிவைத்தால் பாதிச் சண்டை வராது.

மேடைக்கு முன்

முதலில் கேட்கப் போங்கள். ஒயிட்ஃபீல்டின் விண்ட்மில்ஸ் கிராஃப்ட்வொர்க்ஸ் போன்ற இடங்களில் ஜாஸ் கச்சேரிகள் நடக்கின்றன. ஆஸ்டின் டவுனிலிருந்து நகரின் கிழக்குக் கோடிக்குப் போகும் பயணம், போக்குவரத்து நெரிசலையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். பழைய இசைப் புத்தகங்களுக்கு சர்ச் ஸ்ட்ரீட்டில் ப்ளாசம் புத்தகக் கடை பக்கத்திலேயே இருக்கிறது.

உங்கள் வாசிப்பை இணையத்தில் ஏற்றுவதாக இருந்தால் இன்னொன்றும் உண்டு. கொஸ்மா மறைந்தது 1969இல். இந்தியச் சட்டப்படி படைப்பாளர் மறைந்து 60 ஆண்டுவரை காப்புரிமை இருக்கும், ஆகவே இந்த மெட்டு 2029 முடியும்வரை உரிமைக்கு உட்பட்டது. மெர்சரின் வரிகளுக்கு அதைவிட நீண்ட காலம், அவர் 1976வரை இருந்தவர். கட்டணக் கச்சேரி என்றால் உரிமம் யார் எடுத்திருக்கிறார்கள் என்று அரங்கத்தாரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மேடையில் ஏறியதும் உடன் வாசிப்பவர்களிடம் நான்கு விஷயம் சொன்னால் போதும்:

1. சுருதி.
2. தாளமும் வேகமும். வாயால் எண்ணிக் காட்டுங்கள்.
3. முகப்பு எத்தனை பார், யார் தொடங்குவது.
4. முடிவு எப்படி: முகப்புக்குத் திரும்பி மெல்ல அடங்குவதா, கடைசி நான்கு பாரை மூன்று முறை வாசித்து நிறுத்துவதா.

கார்டில் நீங்கள் செய்த மாற்றங்களை விளக்கிக்கொண்டிருக்க வேண்டாம். நல்ல பேஸ்காரர் முதல் சுற்றிலேயே காதால் பிடித்துவிடுவார். பிடிக்கவில்லை என்றால் இரண்டாம் சுற்றில் பழைய கார்டுக்கே திரும்பிவிடுங்கள்.